தொடுவதற்கு முன் கேளுங்கள்

(செட்டிகுளத்தில், பெரம்பலூர் – அரியலூர் பகுதித் திருச்சபைத் தொண்டர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஞாயிறு காலை கோயிலுக்குக் கூட்டிவர வேண்டுமென்றால், சனி இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. வரப்போகிறவருக்கு நடக்க முடியாது. கோயிலில் அவர் போகக்கூடிய கழிவறை இல்லை. இருக்கிற கழிவறைக்கு மூன்று படி. உள்ளே குந்தி உட்காரும் பீங்கான். தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும். ஆள் கிடைத்தாலும் அது ஆணா பெண்ணா என்ற தயக்கம். அதனால் அம்மா கணக்குப் போடுகிறார். காலையில் அரை டம்ளர் காப்பி, அவ்வளவுதான். பூசை முடிந்து, கூட்டம் முடிந்து, யாராவது ஆட்டோ பிடித்துக் கொடுத்து வீடு போய்ச் சேர்கிற வரைக்கும் அந்த வயிறும் நாக்கும் காய்ந்து கிடக்கும்.

அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு வேறு வழி வைக்கவில்லை நாம். ஆனால் அந்தக் கணக்கு உடம்பில் என்ன செய்யும் என்று சொல்லியாக வேண்டும். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், சிறுநீரில் தொற்று வரும், கல் சேரும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்குச் சிறுநீர்த் தொற்று சாதாரண விஷயமே இல்லை. ஒரு காலத்தில் அவர்களுடைய உயிரை அதிகம் குடித்தது சிறுநீரகம் கெட்டுப்போனதுதான். நற்கருணை வாங்க வருகிறவர் நோயை வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள், மேடையில் பேச நாம் கூச்சப்படுகிற பொருள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, கழிவறைக்கு அழைத்துப் போவது, கழுவிவிடுவது, மாதவிலக்கு நாளில் துணி மாற்றிவிடுவது, படுக்கையில் புரட்டிப் போடுவது, சிறுநீர்க் குழாயைப் பார்த்துக்கொள்வது. மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் மூன்று சக்கர வண்டி கொடுத்திருக்கிறோம், கிறிஸ்துமஸ் கேக் கொடுத்திருக்கிறோம், ஊர்வலத்தில் முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறோம். இந்த வேலைகளைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. எந்தப் பங்குப் பேரவையும் இதைக் கூட்டப் பொருளாக வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

நம் ஊரில் தாய்மார்கள் பெருமையாகச் சொல்வார்கள்: ‘பீ மூத்திரம் அள்ளி வளர்த்தேன்.’ அதில் பொய் இல்லை, அந்தப் பெருமைக்கு அவர்கள் தகுதியானவர்கள். இருந்தாலும் முப்பது வயது மகன் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில், வந்த விருந்தாளியிடம் இதே வார்த்தையைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அவனுக்கு அது தீராத கடனாகக் கேட்கிறது. தன் உடம்பு ஊர்ப்பேச்சாகிவிட்டது என்று தெரிகிறது. பராமரிப்பைச் செய்கிறவரின் தியாகமாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். பெற்றுக்கொள்கிறவருக்கு அதில் என்ன நடக்கிறது என்பதை அவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்த சேதி இதுதான்.

நம் ஆண்டவர் இதை எப்படிச் செய்தார்? மாற்கு நற்செய்தியில் பார்வையற்ற பர்த்திமேயு வருகிறார். கண் தெரியாதவருக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் இயேசு, ‘உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்’ என்று அவரையே கேட்கிறார். பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டாகக் கிடந்தவரிடம் குணமாக விருப்பமா என்று கேட்கிறார். அந்த மனிதர் தந்த பதிலையும் கவனியுங்கள்: தன்னைத் தண்ணீரில் இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார். நோயைவிட, உதவிக்கு ஆளில்லாததைத்தான் அவர் முதலில் சொல்கிறார். காது கேளாத, பேச்சுத் திக்கும் மனிதரை இயேசு கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப்போய்த்தான் தொடுகிறார். அவருடைய வாயையும் காதையும் ஊரே வேடிக்கை பார்க்க விடவில்லை. கேட்டார், மறைவு தந்தார், பிறகு தொட்டார்.

நம் ஜெபக் கூட்டங்களில் என்ன நடக்கிறது? கேட்காமலே தலையில் கை வைக்கிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கையைப் பிடித்து எழுப்பி, விசுவாசத்தோடு நட என்கிறோம். பல ஆண்டு நடக்காத காலின் எலும்பு சுண்ணாம்புச் சத்து இழந்து மெலிந்திருக்கும். ஒரு தடுமாற்றத்தில் முறிந்துவிடும். விழுந்தவர் வீட்டுக்குப் போகும்போது, உனக்கு விசுவாசம் போதவில்லை என்ற பழியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறோம். இது ஜெபமே அல்ல. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

திருவிவிலியத்தில் இந்தப் பொருளுக்கென்றே எழுதியதுபோல ஒருவர் கதை இருக்கிறது. சாமுவேல் இரண்டாம் நூலில் வரும் மெபிபொசேத்து. சில சபைகளில் மேவிபோசேத் என்று படித்திருப்பீர்கள். சவுலின் பேரன், யோனத்தானின் மகன். தாத்தாவும் தகப்பனும் போரில் இறந்த சேதி வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. செவிலித்தாய் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவசரத்தில் அவன் கீழே விழுந்தான், இரு கால்களும் முடமாயின. பிறவியிலோ நோயிலோ வந்த ஊனம் இல்லை இது. காப்பாற்ற நினைத்த கையிலிருந்து தவறி விழுந்ததால் வந்தது. அந்தச் செவிலி கெட்டவள் அல்ல. அன்புள்ளவள்தான். அன்பு இருந்தும் அவசரம் காலை முறித்தது.

கதை அதோடு முடியவில்லை. அரசர் தாவீது அவனைத் தேடிப்பிடித்துத் தன் பந்தியில் உட்கார வைக்கிறார். நாம் மறையுரையில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவோம். அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். அவன் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சீபா என்ற ஊழியனிடம் போகிறது. மகன் அப்சலோம் கலகம் செய்து தாவீது ஊரைவிட்டு ஓடும்போது, சீபா கழுதைகளில் உணவுப்பொருள் ஏற்றிக்கொண்டு போய் அரசரைப் பார்க்கிறான். உன் தலைவனின் மகன் எங்கே என்று அரசர் கேட்க, அரசு தனக்கே கிடைக்கும் என்று அவன் எருசலேமில் உட்கார்ந்திருக்கிறான் என்கிறான். அரசர் அந்த இடத்திலேயே நம்பி, சொத்தை முழுக்க சீபாவுக்கு எழுதிவிடுகிறார். அரசர் திரும்பி வந்தபோதுதான் மெபிபொசேத்து எதிரே வருகிறான். அரசர் போன நாள் முதல் அவன் காலைக் கவனிக்கவில்லை, தாடி ஒதுக்கவில்லை, துணி வெளுக்கவில்லை. கழுதைக்குச் சேணம் போடச் சொன்னேன், நான் கால் ஊனமானவன், என் ஊழியன் என்னை ஏமாற்றிவிட்டான் என்கிறான். அரசர் என்ன செய்தார்? நிலத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இதில் யார் சொன்னது உண்மை என்று அறிஞர்கள் விவாதிப்பதுண்டு. நான் மெபிபொசேத்தின் பக்கம். உதவி இல்லாமல் ஊரைவிட்டு நகர முடியாத ஒருவனைப் பற்றி, உதவி செய்ய வேண்டியவன் வந்து சொன்ன சொல்லை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அரசர் நம்பினார். நல்ல அரசர்தான், அன்பானவர்தான். அவரே இப்படிச் செய்தார் என்றால் நம் விசாரணைக் குழுக்களை நினைத்துப் பாருங்கள். நாம் நடத்தும் இல்லத்தில் இருக்கும் பெண் ஒருத்தி புகார் சொன்னால், நாம் முதலில் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். அவர், அவளுக்குப் புத்தி சரியில்லை என்கிறார். கோப்பு மூடப்படுகிறது.

இன்னொரு வாழ்க்கை, நமக்குக் கிட்டத்தில் நடந்தது. மேரி வர்கீஸ் கேரளத்தில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர். 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. நேற்றுவரை நோயாளியைப் புரட்டச் சொல்லி உத்தரவு போட்டவரை மற்றவர்கள் புரட்ட வேண்டியதாயிற்று. அங்கே பணியாற்றிய கை அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தந்த ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார்.

அவருடைய தைரியத்தைப் புகழ்ந்து எல்லாரும் பேசுவார்கள். நான் அந்த மையத்தின் அன்றாட வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நோயாளியோடு வரும் வீட்டு ஆளுக்கும் அங்கே பயிற்சி உண்டு. மனைவிக்கு, அண்ணனுக்கு, மகளுக்கு எப்படித் தூக்குவது, எப்படிப் புரட்டுவது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக எப்படிப் போட்டு எடுப்பது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். முடிந்தவரை அந்த வேலையை நோயாளியே தன் கையால் செய்யப் பழக்குகிறார்கள். சிறுநீர்ப்பை செயலிழந்த ஒருவர் நாலு மணி நேரத்துக்கோ ஆறு மணி நேரத்துக்கோ ஒருமுறை தானே குழாய் போட்டு வடித்துக்கொள்ளக் கற்றுவிட்டால், அவர் கல்யாணத்துக்குப் போகலாம், கடை வைக்கலாம், பூசைக்கும் வரலாம். யாருடைய தயவும் வேண்டாம். திருச்சபை கொடுத்த தருமங்களில் இதைவிட உயர்ந்தது அபூர்வம் என்பேன்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கிறிஸ்தவ நிறுவனம் அல்ல. ஆனாலும் நாம் போய்ப் படிக்க வேண்டிய இடம். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது அது. குளிக்கவும் சாப்பிடவும் பிறர் கை தேவைப்படுகிற ஒருவரே தலைவராக இருந்து நடத்தினார் என்பதை யோசியுங்கள். நம் இல்லங்களின் நிர்வாகக் குழுவில் அப்படி ஒருவராவது இருக்கிறாரா?

பாளையங்கோட்டையில் மிஷனரிப் பெண்கள் 1890-களிலேயே பார்வையற்றவர்க்கும் காது கேளாதவர்க்கும் பள்ளி தொடங்கினார்கள். அந்தப் பாரம்பரியம் நமக்குப் பெருமை. ஆனால் பள்ளிக்குப் போக முடியாதவர், பள்ளி முடித்து வீட்டில் கிடக்கிறவர், வயதான பெற்றோரின் கையை நம்பி இருக்கிறவர் ஆகியோரைப் பற்றி நம்மிடம் திட்டம் ஏதும் இல்லை.

இப்போது கைவேலைக்கு வருகிறேன். செட்டிகுளத்துக்காரர்களுக்குத் தூக்குவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டறையிலிருந்து சின்ன வெங்காய மூட்டையைத் தோளில் ஏற்றி லாரியில் அடுக்குகிற கைகள் இந்த ஊரில் எத்தனையோ. அந்தக் கைகளுக்கே சொல்கிறேன்: மனிதரை மூட்டை தூக்குவதுபோல் தூக்காதீர்கள். மூட்டையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. முன்னால் போய் நின்று, கண்ணைப் பார்த்து, இப்போது உங்களைத் தூக்கப் போகிறேன், சரியா, எப்படித் தூக்கினால் உங்களுக்கு வசதி என்று கேளுங்கள். தன் உடம்பை எப்படித் தூக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாயிற்றா, கால்பலகையை ஒதுக்கியாயிற்றா என்று பாருங்கள். ஒருவராகத் தூக்க வேண்டாம், இருவராகத் தூக்குங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். பக்கவாதம் வந்தவரின் விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலும் அப்படித்தான்.

உணர்வில்லாத காலில் வெந்நீர் ஊற்றினால் சுடுவது அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். உங்கள் முழங்கையை முக்கிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும், இரவிலும். குளிப்பாட்டும்போது இடுப்பின் பின்பக்கம், குதிகால், தொடை எலும்பு முட்டுகிற இடம் ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் அதுதான் படுக்கைப் புண்ணின் தொடக்கம். அன்றைக்கே செவிலியரிடம் சொல்லுங்கள். புண் எலும்பு வரை போன பிறகு ஜெபக்குழுவை அழைக்கிறோம். சிவந்த அன்று பார்த்திருந்தால் ஒரு தலையணையில் முடிந்திருக்கும்.

ஊட்டும்போது படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, அவர் கண்மட்டத்தில் நீங்களும் உட்கார்ந்து, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய். நின்றுகொண்டு, கைப்பேசியில் பேசிக்கொண்டே ஊட்டினால் சோறு மூச்சுக்குழலுக்குள் போகும். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு அடிக்கடி நெஞ்சுச் சளி வருவதற்கு ஊட்டும் முறையும் ஒரு காரணம்.

இவற்றை எல்லாம் நானோ நீங்களோ மனத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வலித்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, அவர்களைக் கோயில் மண்டபத்துக்கு ஒரு நாள் அழைத்து, தொண்டர்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்துச் சொல்வது இன்னும் கடினமானது. தாய் இறந்துவிடுகிறார். மகளுக்கு இருபத்தைந்து வயது, கைகால் இயக்கமில்லை. வீட்டில் அப்பாவும் அண்ணனும்தான். யார் குளிப்பாட்டுவது? மாதவிலக்கு நாளில் யார் பார்ப்பது? அப்பா கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார், அல்லது செய்யாமல் விடுகிறார். சில வீடுகளில் கருப்பையையே எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கிறார்கள். 1994-ல் புனே அருகே ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்கள் சிலருக்கு அப்படித்தான் கருப்பை அகற்றப்பட்டது; சுத்தம்தான் சொல்லப்பட்ட காரணம். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. துணி மாற்றிவிட ஆள் வைப்பதைவிட உறுப்பை வெட்டி எடுப்பது சுலபம் என்று ஒரு நிர்வாகம் முடிவு செய்தது. அந்தக் குற்றத்துக்கு நாம் வெகுதூரத்தில் இல்லை. தாயை இழந்த அந்த வீட்டுக்கு வாரத்தில் சில நாள் போக, பயிற்சி பெற்ற இரண்டு பெண்களை ஒரு பங்கு ஏற்பாடு செய்ய முடியாதா? மரியாயின் சேனைப் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்களே. ஜெபமாலையோடு ஒரு வாளி வெந்நீரும் அவர்கள் கையில் இருக்கட்டும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பது பொது விதி. அதையும் மாற்றச் சொல்லும் உரிமை உதவி பெறுபவருக்கு மட்டுமே உண்டு.

நல்லவர்கள்தானே உதவிக்குப் போகிறார்கள், பிறகு எதற்கு இத்தனை விதி என்று கேட்பீர்கள். உலகம் முழுதும் நல்லவர் என்று கொண்டாடிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ழான் வனியே 1964-ல் பிரான்சில் ஒரு சிற்றூரில், மனவளர்ச்சி குன்றிய இரண்டு ஆண்களோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார். அதுதான் லார்ஷ் சமூகம். நம் நாட்டிலும் 1970-ல் பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் அது தொடங்கியது, சென்னையிலும் உண்டு. மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து உண்பதும் அவர்களைக் குளிப்பாட்டுவதும் புனிதமான வேலை என்று திருச்சபைக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். 2019-ல் இறந்தபோது புனிதர் என்றே பேசினார்கள். அடுத்த ஆண்டு லார்ஷ் நிறுவனமே வெளியாட்களைக் கொண்டு விசாரித்து அறிக்கை வெளியிட்டது. ஆன்மீக வழிகாட்டுதல் என்ற பெயரில் ஆறு பெண்களிடம் அவர் பாலியல் முறைகேடு செய்திருந்தார். 2023-ல் வந்த விரிவான அறிக்கை குறைந்தது 25 பெண்கள் என்றது. அவர்களில் மனவளர்ச்சி குன்றியவர் யாரும் இருந்ததாக அறிக்கைகள் கண்டறியவில்லை. ஆனாலும் கேள்வி கேட்கப்படாத ஒரு நல்லவருக்கு முன்னால் மற்றவர் எவ்வளவு பாதுகாப்பற்றவர் என்பதை அது காட்டிவிட்டது. லார்ஷ் செய்ததில் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. தன் நிறுவனரின் பெயரைக் காப்பாற்றாமல் பாதிக்கப்பட்டவர்களின் சொல்லைக் காப்பாற்றியது.

ஒருவருடைய பக்தியை அவருடைய நடத்தைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொண்டராக வருகிறவர் யார், முன்பு எங்கே வேலை செய்தார், ஏன் விட்டு வந்தார் என்று விசாரியுங்கள். உடல் பராமரிப்பு நடக்கும்போது திரை கட்டாயம் வேண்டும். ஆனால் குரல் கேட்கும் தூரத்தில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். அறையின் உள்தாழ்ப்பாளைத் தொண்டர் போடக் கூடாது. எந்த நேரத்தில் யார் என்ன உதவி செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் தன்னைத் தொடலாம், எங்கே, எப்படி என்பதை அந்த நபரே சொல்ல, அதை எழுதி வையுங்கள். பேச முடியாதவர் என்றால் கண்ணால், தலையசைவால், படத்தால் சொல்வார். நேரம் கொடுத்தால் சொல்வார். வேண்டாம் என்று அவர் காட்டினால் அதோடு நிறுத்த வேண்டும், குளியல் பாதியில் இருந்தாலும். ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுக் காத்திருங்கள். குளிப்பாட்டும் இடத்தில் கைப்பேசி வேண்டாம். நன்கொடையாளருக்கு அனுப்ப என்று படுக்கைப் புண்ணையும் டயப்பரையும் படம் எடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6. மனநோய் குணமாகும் என்ற நம்பிக்கையில் தர்காவை நாடி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இது வேறு மதத்தவர் ஊரில் நடந்தது என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம்பி வந்து விட்டுப்போகிற இடம் எதுவானாலும், நம்முடைய ஜெப இல்லங்கள் உட்பட, அங்கே கதவு திறக்கிறதா என்று போய்ப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. நம் பகுதித் திருத்தலத்தையும் பாருங்கள். அரியலூரை ஆண்ட மழவராயர் ஒருவருக்கு வந்த ராஜபிளவை என்ற புண்ணுக்கு வீரமாமுனிவர் மருந்திட்டுக் குணமாக்கினார் என்பது ஏலாக்குறிச்சித் திருத்தலத்தின் மரபு. சீழ் வடியும் புண்ணைத் தொட்ட கையின் நினைவில் எழுந்த திருத்தலத்துக்கு இன்றும் நோயுற்றோர் வருகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்குச் சாய்தளமும் கழிவறையும் அமைப்பது தேரலங்காரத்துக்கு முந்திய வேலை. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம், சக்கர நாற்காலி நுழைய மூன்று அடி அகலக் கதவு, உள்ளே வண்டி திரும்ப ஐந்து அடி இடம், கைப்பிடி, மேற்கத்தியக் கழிப்பான், தண்ணீர்க் குழாய் கை எட்டும் உயரத்தில். இவ்வளவுதான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 92-ம் பிரிவில், மாற்றுத்திறனாளியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தெரிந்தே உணவோ நீரோ மறுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி மாற்றுத்திறனாளிப் பெண்ணையோ குழந்தையையோ பாலியல் ரீதியில் சுரண்டுவதும், சக்கர நாற்காலி போன்ற துணைக்கருவியை வேண்டுமென்றே சேதப்படுத்துவதும் அதே பிரிவில் வருகின்றன. கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். அதாவது உங்கள் தாசில்தாரிடமோ கோட்டாட்சியரிடமோ. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்மீது பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். சொல்லாமல் மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. மத நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர் செய்தால் அது கடுமையான குற்றம், ஊடுருவும் பாலியல் வன்கொடுமை என்றால் தண்டனை இருபது ஆண்டுக்குக் குறையாது. உதவிக்கு அழைக்க, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. கத்தோலிக்கத் திருச்சபையிலும் 2019-ல் திருத்தந்தை பிரான்சிஸ் இட்ட ஆணை, தன்னைத் தற்காத்துக்கொள்ள இயலாத பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு, புகாரை மறைப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. ‘கோயில் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வெளியே போய்க் காவல் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள்.

கடைசியாகக் காசு. இந்த வேலைகளைச் செய்கிறவர்கள் யார்? இல்லங்களில் ஆயம்மா என்று கூப்பிடுகிறோம். பெரும்பாலும் ஏழை விதவைகள், கணவர் விட்டுப்போனவர்கள். ஒரு இரவில் பலரைப் புரட்டிப் போட ஒருவர். முதுகுவலி, தூக்கமில்லை, விடுப்பு இல்லை. சேவை என்ற பெயரில் சொற்பச் சம்பளம். களைத்துப்போன கைதான் அவசரப்படும், அவசரப்பட்ட கைதான் தவறவிடும், சில நேரம் அடிக்கவும் செய்யும். அடித்தவரைக் கண்டித்துவிட்டு, அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த பணிநேரத்தை அப்படியே வைத்திருந்தால் ஒன்றும் மாறாது. நியாயமான கூலி, வார ஓய்வு, கையுறை, தூக்குவதற்குத் துணையாள், பயிற்சி எல்லாம் அந்த அம்மாவுக்கு நாம் காட்டும் இரக்கம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே படுத்திருப்பவரின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ளும் தாய்க்கும் இது பொருந்தும். கடும் ஊனமுற்றோருக்கு அரசு தரும் மாத உதவித்தொகை 2,000 ரூபாய். டயப்பருக்கும் மருந்துக்குமே அது காணாது. அந்தத் தாய் வாரத்தில் ஒரு மதியம் படுத்துத் தூங்க, அல்லது சந்தைக்குப் போய்வர, பயிற்சி பெற்ற இரண்டு பேரை அனுப்பினால் போதும். அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி அதுதான்.

இங்கே வந்திருக்கும் பங்குகளிடமும் சபைகளிடமும் என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த பேரவைக் கூட்டத்தில், தேர்த் திருவிழாச் செலவைப் பேசுவதற்கு முன்னால், இதை முதல் பொருளாக வையுங்கள்: சக்கர நாற்காலி போகும் ஒரு கழிவறை, உதவியாளராகச் சம்பளத்தோடு ஒரு பெண்ணும் ஒரு ஆணும், புகார் கேட்கக் கோயிலுக்கு வெளியே உள்ள ஒருவர். இதற்கென்று போடும் குழுவில், பிறர் கையால் குளித்து, பிறர் கையால் உண்கிறவர்களில் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வந்து உட்காராமல் அந்தத் தீர்மானத்தில் ஒரு வரியும் எழுதாதீர்கள்.